வட்டம் கோணலாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று அர்த்தமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே ஆட்டோகேடில் வரைவு வேலை செய்கிறார். மூன்று பொறியாளர்களுக்குக் கட்டட அனுமதிக்கான பிளான், ஒரு சர்வேயருக்கு மனைப்பிரிவு லேஅவுட், எப்போதாவது முப்பரிமாண முகப்பு. குடும்பச் செலவில் பாதிக்கு மேல் இந்த வருமானம்தான் தாங்குகிறது. 4 ஜிபி என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்கி இரண்டேகால் வருடம் ஆகிறது, உத்தரவாதம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடையில் 8 ஜிபி ரேமை 16 ஆக்கி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு வாங்கியிருக்கிறார். ஆட்டோகேட் 2023-ஐயும் அந்தக் கடையே ஏற்றித் தந்திருக்கிறது.

சர்வேயர் அனுப்பும் கோப்பைத் திறந்தால் கிணறு வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாகத் தெரிகிறது; ஹேட்ச் (எல்லைக்குள் நிரப்பும் கோலம்) எல்லையை விட்டு நழுவுகிறது; ஜூம் செய்தால் கோடுகள் துள்ளுகின்றன. ஆயத்தின் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் யூசிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வேலையின் நடுவே திரை இரண்டு மூன்று வினாடி கறுத்துத் திரும்புகிறது, சில நாள் ஆட்டோகேட் தானாக மூடிக்கொள்கிறது. தெரிந்தவர் சொன்னபடி, படம் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்தினார். கறுப்பது குறைந்தது, ஆனால் படத்தைத் திரையில் நகர்த்திப் பார்ப்பதே (பேன்) இழுவையாகிவிட்டது. மதிய வெயிலில் திரையில் கோடு கோடாகவும் ஓடுகிறது. "கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, போர்டு மாற்ற 38,000 ரூபாய். இல்லையென்றால் வொர்க்ஸ்டேஷன் கார்டு உள்ள லேப்டாப் 1,60,000-க்கு எடுங்கள், கேட் (கணினி வரைவு) வேலைக்கு அதுதான் தாங்கும்" என்கிறது கடை. நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, நகையை இப்போது எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை எல்லாம் ஒரே நோயாக நினைத்துவிட்டீர்கள். கடையும் அப்படியே சொல்லியிருக்கிறது. எனக்கு அதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. ஒன்று கோப்பில் இருக்கிறது. இன்னொன்று பெரும்பாலும், கிராஃபிக்ஸ் கார்டை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரில். மூன்றாவது சூட்டிலோ, புதிதாகப் போட்ட ரேமிலோ இருக்கலாம். இவற்றில் முதலாவதற்கும் உங்கள் லேப்டாப்புக்கும் சம்பந்தமே இல்லை. 1,60,000 ரூபாய் கொடுத்துப் புதிது வாங்கினாலும் அதே சர்வே கோப்பு அதே கோணலோடுதான் திறக்கும்.

கீழே கட்டளைகளின் பெயரைத் தமிழில் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். ஆட்டோகேடில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள்.

முதலில் கோளாறு எந்த இடத்தில் என்று பிரியுங்கள்

இதற்குக் காசு வேண்டாம், அரை மணி நேரம் போதும். ஆட்டோகேடில் ஒரு புதுக் கோப்பைத் திறந்து, 0,0 புள்ளிக்குப் பக்கத்தில் சில வட்டங்கள் போட்டு ஹேட்ச் செய்து, நன்றாக ஜூம் செய்து பாருங்கள். புதுக் கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்து சர்வே கோப்பில் மட்டும் கோணல் என்றால், குற்றம் கோப்பினுடையது. புதுக் கோப்பிலும் கோணல் தெரிந்தால், படத்தை மறுபடி கணக்கிட்டுக் காட்டும் ரீஜென் கட்டளையை ஒருமுறை அடியுங்கள். அதன் பிறகும் கோணலாகவே இருந்தால், வட்டம் எவ்வளவு வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வியூரெஸ் மதிப்பைப் பாருங்கள். வழக்கமாக 1000 இருக்கும், 20,000 வரை போகலாம். யாராவது வேகத்துக்காக 100-க்குக் குறைத்து வைத்திருந்தால் வட்டம் பலகோணமாகத்தான் தெரியும்.

அடுத்தது, மதியம் ஓடுவதாகச் சொன்ன கோடுகள். அவை திரையில் இருக்கும்போதே பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்திப் படம் எடுத்து, அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைபேசியில் கோடுகள் இல்லையென்றால் படம் சரியாகத்தான் உருவாகியிருக்கிறது; பழுது பெரும்பாலும் திரையிலோ திரைக்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. கைபேசியிலும் கோடுகள் இருந்தால் படம் உருவாகும் இடத்திலேயே பிழை. அப்படியானால் லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டு, உடனே பயாஸ் திரைக்குள் போங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, என்விடியா டிரைவரும் இல்லை. அங்கும் கோடுகள் ஓடினால்தான் வன்பொருள் பழுது என்ற பேச்சுக்கு வலு வரும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பல லேப்டாப்களில் பயாஸ் திரையைக் காட்டுவது பிராசஸரோடு சேர்ந்து வரும் இன்டெல் கிராஃபிக்ஸ் சிப்தான், என்விடியா அல்ல. ஆகவே பயாஸ் சுத்தமாக இருப்பது திரையும் இன்டெல் சிப்பும் நலம் என்றுதான் சொல்லும், என்விடியாவுக்கு அது சாட்சி ஆகாது.

சர்வே கோப்பில் என்ன நடக்கிறது

ஐடி கட்டளை கொடுத்தபோது கிணற்று மையம் எக்ஸ் 796842.315, ஒய் 1255367.920 என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். (கடைசி இலக்கங்களை நான் மாற்றியிருக்கிறேன்.) கோளாறின் மூலம் இந்த எண்களில்தான் இருக்கிறது. சர்வேயர் டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் அளவை) வைத்து அளந்து, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையின் 43-ஆம் மண்டல ஆயத்தொலைவுகளில் கோப்பைத் தந்திருக்கிறார். அதில் வடக்கு எண் பூமத்திய ரேகையிலிருந்து மீட்டர் கணக்கில் எண்ணப்படுவது. அதனால்தான் ஈரோட்டுப் பக்கம் பன்னிரண்டரை இலட்சத்தைத் தாண்டுகிறது. சர்வேயர் தவறு எதுவும் செய்யவில்லை.

ஆட்டோகேட் தன் கோப்புக்குள் ஒவ்வொரு புள்ளியையும் 64 பிட் எண்ணாக வைத்துக்கொள்கிறது. அதில் 15 இலக்கம் வரை துல்லியம் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டோ பெரும்பாலும் 32 பிட் எண்களில் கணக்குப் போடுகிறது. அதில் 7 இலக்கம்தான் நிற்கும். 10,48,576-க்கும் 20,97,152-க்கும் இடையே 32 பிட் எண் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எட்டில் ஒரு பங்கு. உங்கள் வடக்கு எண் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. அலகு மீட்டர் என்பதால் இடைவெளி 12.5 சென்டிமீட்டர். கிழக்கு எண்ணுக்கு 6.25 சென்டிமீட்டர். 9 அங்குலச் சுவரின் கனம் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். வடக்குத் தெற்காக அதைக் காட்ட கார்டுக்கு இரண்டு படிகூட முழுதாக இல்லை. கிணற்றின் சுற்றிலுள்ள புள்ளிகள் எல்லாம் பக்கத்துப் படிக்கு உருட்டித் தள்ளப்பட்டால் வட்டம் எப்படி வட்டமாக இருக்கும்? ஜூம் மாறும்போது உருட்டலும் மாறுகிறது; அதைத்தான் கோடுகள் துள்ளுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோகேட் பல இடங்களில் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும். ஹேட்சிலும் முப்பரிமாணத் தோற்றத்திலும்தான் அதிகம் தோற்றுப்போகிறது.

இதனால் அளவு கெடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். கெடாது. கெடுவது காட்சி மட்டுமே. டிஸ்ட், ஏரியா, லிஸ்ட் கட்டளைகள் 64 பிட் எண்ணிலிருந்து கணக்கிடுகின்றன. ஏற்கெனவே அனுப்பிய லேஅவுட்களின் பரப்பளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

யூசிஎஸ் மாற்றியது ஏன் உதவவில்லை? யூசிஎஸ் என்பது அளவுகோலை வேறு இடத்தில் வைத்துப் படிப்பது போன்றது. நீங்கள் படிக்கும் எண் சிறிதாகும். மனை இருக்கும் இடம் உலக ஆயத்தில் பழைய இடமேதான். மனையையே தூக்கி 0,0-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சர்வேயர் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரதியில் எல்லா லேயரின் பூட்டையும் திறந்து, ஃப்ரீஸ் ஆனவற்றை 'தா' (உறைவு நீக்கம்) செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் பூட்டிய, ஃப்ரீஸ் ஆன லேயரில் உள்ளவை நகராமல் பழைய இடத்திலேயே தங்கிவிடும். பிறகு அவற்றைத் தேடுவது பெரும்பாடு. மூவ் அடித்து, ஆல் என்று தேர்ந்தெடுத்து, எல்லாம் தேர்வானதும் டிஸ்பிளேஸ்மென்டுக்கு டி (D) கொடுங்கள். நகர்வாக -796800,-1255300,0 என்று அடியுங்கள். இலட்சக் கணக்கில் 7,96,800 என்று காற்புள்ளியோடு மட்டும் அடித்துவிடாதீர்கள். ஆட்டோகேட் அதை எக்ஸ் 7, ஒய் 96, இசட் 800 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ஜூம் எக்ஸ்டென்ட்ஸ், ரீஜென்ஆல். இப்போது கிணற்றில் ஐடி கொடுத்தால் 42.315, 67.920 வர வேண்டும். வந்தால் நகர்வு சரி. நூறு மீட்டருக்குள் வந்துவிட்ட மனைக்கு அந்த 32 பிட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. கிணறு வட்டமாகிவிடும்.

நகர்த்திய இரண்டு எண்களையும் அச்சாகாத ஒரு லேயரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து சர்வேயர் கேட்டால் அதே எண்களைக் கூட்டல் குறியோடு கொடுத்துத் திரும்ப நகர்த்த அந்த ஒரு வரிதான் உதவும். அனுமதிக்கு அச்சடிக்கவோ பிடிஎஃப் எடுக்கவோ நகர்த்திய கோப்பே போதும். லேஅவுட் தாளில் உள்ள வியூபோர்ட்கள் (படத்தைக் காட்டும் சட்டங்கள்) மட்டும் காலியாகத் தெரியும், அவற்றை மறுபடி பொருத்த வேண்டும். ஒரே வேலையில் நகர்த்திய கோப்பும் நகர்த்தாத கோப்பும் கலந்திருந்தால், பேஸ்ட் டு ஒரிஜினல் கோஆர்டினேட்ஸ் பயன்படுத்தாதீர்கள். ஒட்டியது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும்.

ஆயத்தை மாற்றவே கூடாத கோப்பாக இருந்தால், ஹேட்சை மட்டுமாவது காப்பாற்றலாம். ஹேட்ச் கோலம் வழக்கமாக 0,0-விலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது. ஹெச்பிஆரிஜின் அடித்து, மனையின் ஒரு மூலையைத் தொடக்கப் புள்ளியாகக் கொடுத்துவிட்டு ஹேட்ச் போடுங்கள்.

நகர்த்திய பிறகும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் படம் புள்ளியாகச் சுருங்குகிறதா? எங்கோ தொலைவில் ஒரு எழுத்தோ வெற்றுப் புள்ளியோ கிடக்கிறது. தேடி அழியுங்கள். சர்வே கோப்பில் இசட் மதிப்பையும் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம் ஒரு கோட்டிலும் பூஜ்யம் இன்னொரு கோட்டிலும் இருந்தால், மேலிருந்து பார்க்கத் தொடுவது போலத் தெரியும் கோடுகள் உண்மையில் தொடாது. டிரிம் வேலை செய்யாது, ஹேட்ச் எல்லை கிடைக்காது. ஃப்ளாட்டன் கட்டளை எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஆனால் உயர விவரம் முழுதும் போய்விடும், ஆகவே அதையும் பிரதியில்தான் செய்ய வேண்டும். கடைசியாக ஒரு ஆடிட், பிழைகளைத் திருத்தட்டுமா என்று கேட்டால் யெஸ் சொல்லுங்கள்.

திரை கறுப்பது

இது வேறு கதை. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 வினாடிக்குள் பதில் வராவிட்டால், விண்டோஸ் அதைத் தொங்கிவிட்டதாக எண்ணி டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில்தான் திரை கறுக்கிறது. அதைத் தாங்க முடியாத நேரத்தில் ஆட்டோகேட் மூடிக்கொள்கிறது. உறுதிப்படுத்த ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்காமல் போய் மீண்டது என்று அதில் இருக்கும். டிரைவரின் பெயர் ஆங்கிலத்தில் என்வி என்று தொடங்கினால் என்விடியா, ஐஜி என்று தொடங்கினால் இன்டெல். தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கடையில் பேச உதவும்.

விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு தொடங்கிய தொல்லை என்பதால் என் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான். புதிதாகப் போடும்போது விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பொதுவான டிரைவரைப் போட்டுக்கொள்ளும். திரை தெரிகிறது என்பதால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்தால் இன்டெல், என்விடியா இரண்டும் பெயரோடு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால் டிரைவரே இல்லை என்று பொருள்.

லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட், இன்டெல் கிராஃபிக்ஸ், என்விடியா மூன்று டிரைவர்களையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். இல்லையென்றால் பாதியில் விண்டோஸ் அப்டேட் தன் டிரைவரைப் போட்டுவிடும். ஒரு ரிஸ்டோர் பாயின்ட் வைத்துவிட்டு, சிப்செட், இன்டெல், என்விடியா என்ற வரிசையிலேயே நிறுவுங்கள். இரண்டு சிப் உள்ள லேப்டாப்பில் இன்டெல் முதலில் சரியாக உட்கார வேண்டும். என்விடியா நிறுவும்போது கஸ்டம் தேர்ந்தெடுத்து, கிளீன் இன்ஸ்டாலேஷன் கட்டத்தில் குறியிடுங்கள். என்விடியா தளத்திலிருந்தே எடுப்பதானால் கேம் ரெடி வேண்டாம், ஸ்டுடியோ டிரைவர் எடுங்கள். வேலை செய்யும் மென்பொருள்களோடு கூடுதலாகச் சோதித்து விடுவது அது.

டிரைவர் உட்கார்ந்ததும், ஆட்டோகேட் எந்தச் சிப்பில் ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், சி டிரைவில் ஆட்டோடெஸ்க் கோப்புறைக்குள் இருக்கும் ஆட்டோகேட் செயலிக் கோப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். ஆட்டோகேடை மூடித் திறந்து கிராஃபிக்ஸ்கான்ஃபிக் அடித்தால் என்விடியா பெயர் தெரிய வேண்டும். இங்கேயே ஹார்டுவேர் ஆக்சிலரேஷனைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதை நிறுத்துவது கோளாறு எங்கே என்று அறியும் சோதனைதான். நிறுத்திய நிலையில் படம் வரையும் பாரம் முழுதும் பிராசஸர் தலையில் விழுகிறது. பேன் இழுப்பதும், தேர்ந்தெடுத்த கோடு ஒளிராமல் புள்ளிக்கோடாகத் தெரிவதும் அதனால்தான். போட்டுவிட்டு மூடித் திறந்தால் மறுபடி நின்றிருக்கிறதா? டெஸ்க்டாப்பில் உள்ள ஆட்டோகேட் ஷார்ட்கட்டின் பிராபர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியைப் பாருங்கள். ஒரு சாய்கோடும் நோஹார்டுவேர் என்ற சொல்லும் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த 2 வினாடிக் கெடுவை ரெஜிஸ்ட்ரியில் 10, 20 என்று நீட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். முதல் வைத்தியமாக அதைச் செய்யாதீர்கள். தொங்கும் காரணம் அப்படியே இருக்கும். நீங்கள் உறைந்த திரையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரம்தான் கூடும். இந்தச் சோதனைகள் முடியும்வரை, தானாகச் சேமிக்கும் இடைவெளியான சேவ்டைம் மதிப்பை 5 நிமிடமாக வையுங்கள். திரை கறுத்தே நின்றுவிட்டால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், பல சமயம் சேமிக்காத வேலை தப்பிவிடும்.

சூடும் புது ரேமும்

மதியத்தில் மட்டும் கோடுகள் ஓடுவது சூட்டைக் காட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் என்விடியாவின் வெப்பநிலை தெரியும். சமதள வரைவு வேலையில் அது 85 டிகிரியைத் தாண்டி நிற்பது இயல்பல்ல. விசிறியில் தூசி அடைத்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். சுத்தம் செய்து பசை மாற்றச் சொல்லுங்கள்; அந்தச் செலவு போர்டின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. மெத்தை, போர்வை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், கீழிருந்துதான் காற்று உள்ளே போகிறது.

ரேமை ஏன் இழுக்கிறேன் என்றால், இன்டெல் சிப்புக்கென்று தனி நினைவகம் கிடையாது. அது உங்கள் ரேமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்கிறது. ரேமில் ஒரு மூலை பழுதாக இருந்தால் அது திரையில் கோடாக வரலாம், மென்பொருள் மூடிக்கொள்வதாகவும் வரலாம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை இரவில் ஓடவிடுங்கள். பிழை எதுவும் காட்டாவிட்டாலும், புதிதாகப் போட்ட ரேமைக் கழற்றி இரண்டு நாள் பழைய 8 ஜிபியில் வேலை செய்து பாருங்கள். தொல்லை நின்றால் விடை கிடைத்துவிட்டது. ரேமுக்குத் தனி உத்தரவாதம் இருக்கும், பில்லைத் தேடி எடுங்கள்.

வொர்க்ஸ்டேஷன் கார்டு வேண்டுமா

கேட் வேலை என்றாலே வொர்க்ஸ்டேஷன் கார்டு என்பது பாதிதான் உண்மை. எந்த கேட் மென்பொருள் என்பதைப் பொறுத்தது அது. இயந்திர வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ், கார்டோடு பேச ஓபன்ஜிஎல் என்ற முறை வழியே படம் வரைகிறது. சான்று பெற்ற கார்டு இல்லாவிட்டால் ரியல்வியூ போன்ற சில வசதிகள் திறக்காது, திரைக் கோளாறுக்கு உதவி கேட்டாலும் முதல் கேள்வி கார்டைப் பற்றித்தான் வரும். பெரிய இயந்திர அசெம்பிளி வரைபவருக்கு அந்தச் செலவு நியாயம். ஆட்டோகேட் டைரக்ட்எக்ஸ் என்ற வேறு முறை வழியே வரைகிறது, ஜிஃபோர்ஸ் அதற்குப் போதும். ஆட்டோகேட் 2023-க்கு ஆட்டோடெஸ்க் கேட்ட குறைந்தபட்ச கிராஃபிக்ஸ் நினைவகம் 1 ஜிபி, பரிந்துரைத்தது 4 ஜிபி. உங்களிடம் இருப்பது அந்த 4 ஜிபி. சமதள வரைவில் வேகம் பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு கோரைச் சார்ந்தது. அதனால் விலையுயர்ந்த கார்டு வாங்கியும் ரீஜென் நேரம் மாறவில்லை என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

கடையிடம் என்ன கேட்கலாம்

"சிப் போய்விட்டது" என்பதை எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சோதனை செய்தார்கள், என்ன தெரிந்தது. போர்டு மாற்றினால் பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும், புதுப் போர்டுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்றும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மெமரி சோதனையில் ரேம் பழுது என்று தெரிந்தாலோ, டிரைவர் போடாமல் விட்டது தெரிந்தாலோ, அந்த வேலையைக் கட்டணமின்றிச் சரிசெய்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்கிய சேவையில் உள்ள குறை அது.

தொழிலுக்குப் பயன்படுத்துவதால் நான் நுகர்வோர் ஆக மாட்டேனோ என்று தயங்க வேண்டாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது என்பது மெய்தான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அது நுகர்வோராகவே கொள்கிறது. வீட்டிலிருந்து நீங்களே வரைந்து சம்பாதிக்கிறீர்கள், ஆகவே நீங்களும் நுகர்வோர்தான். பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள். மாவட்ட ஆணையத்துக்குப் போவதானால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 இலட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 4101 நேரக் குறிப்புகளும் பில்லும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடை ஏற்றித் தந்த ஆட்டோகேடுக்கு உரிமம் எதுவும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திரைக் கோளாறுகளுக்கான திருத்தங்களை ஆட்டோடெஸ்க் அப்டேட்டில்தான் தருகிறது. உடைத்துப் போட்ட பதிப்பில் அவற்றை ஏற்ற முடியாது, உடைக்கும்போது எந்தக் கோப்பை மாற்றினார்கள் என்பதும் தெரியாது. அதைவிட, தெரிந்தே அப்படிப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்கீழ் குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் வேலை பெரும்பாலும் சமதள வரைவு என்பதால் ஆட்டோகேட் எல்டி சந்தாவே போதும். ஒருமுறை காசு கொடுத்து வைத்துக்கொள்வதே வசதி என்றால் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் இரண்டும் நிரந்தர உரிமம் விற்கின்றன, உங்கள் கோப்புகளையும் திறக்கும். புது லேப்டாப்புக்கு என்று நினைத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

எல்லாச் சோதனைக்கும் பிறகு என்விடியா சிப் உண்மையிலேயே பழுது என்று தெரிந்தால்கூட, அன்றைக்கே உங்கள் வருமானம் நின்றுவிடாது. டிவைஸ் மேனேஜரில் என்விடியாவை டிசேபிள் செய்துவிட்டு, இன்டெல் சிப்பை மட்டும் வைத்து ஆட்டோகேடை ஓட்டுங்கள். 16 ஜிபி ரேம் இருக்கும்போது நகர்த்திய லேஅவுட்டும் கட்டட பிளானும் அதில் ஓடும். முகப்பு வேலை மெதுவாகும். எச்டிஎம்ஐ வழியாக இணைத்த வெளித் திரை மட்டும் சில லேப்டாப்களில் தெரியாமல் போகும், அந்த வாசல் என்விடியாவோடு இணைந்திருப்பதால். அப்படி ஆனால் லேப்டாப் திரையிலேயே கையில் இருக்கும் வேலைகளை முடித்துக் கொடுங்கள். போர்டு மாற்றுவதா, வேறு வாங்குவதா என்பதை இரண்டு மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்கிய பிறகு தீர்மானிக்கலாம்.